சின்ன மாத்திரை

(மாணவி, பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

எங்கள் வீட்டிற்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பது அம்மாவின் தையல் இயந்திரத்தின் ஓசைதான். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அப்பா கரையில் இருந்தாலும் கடலில் இருந்தாலும் எங்கள் வீட்டில் ஓயாமல் ஒலிப்பது அந்த இயந்திரம். நம் பள்ளியில் காலை வழிபாட்டிற்கு வரிசையாக நிற்கும் பாவாடைகளுள் எத்தனையோ அம்மாவின் காலால் தைக்கப்பட்டவை. காலால் என்று எழுதியது பிழையன்று. எங்கள் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவதன்று, மிதித்து ஓட்டுவது. துணியைப் பிடிப்பது கை, தையலை நடத்துவது கால். ஓசையைக் கேட்டே, இது நேர்த்தையல், இது கழுத்து வளைவு என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கையும். மூத்தவள் இப்போது பத்தாம் வகுப்பு, இளையவள் எட்டாம் வகுப்பு. பேனா பிடித்திருப்பவள் மூத்தவள்தான் என்றாலும், நடந்ததில் இருவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. எப்படிச் சரிபாதி என்பது போகப் போகத் தெரியும். ஆகவே இக்கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும். ஆண்டு மலரில் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டோம். "எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க" என்றார்கள்.

2024-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த சில நாட்களில் அம்மாவின் கழுத்தில் வலப்புறமாக ஒரு கட்டி தென்பட்டது. நெல்லிக்காய் அளவு இருக்கும். வலி இல்லை. கிறிஸ்துமஸ் துணிகள் மலைபோல் குவிந்திருந்த நேரம். "பண்டிகை முடியட்டும்" என்று சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்கள். மருந்துக் கடை ஒன்றில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை இரண்டு முறை விழுங்கிப் பார்த்தார்கள்; கட்டி அசையவில்லை. ஜனவரியில் அரசு மருத்துவமனையில் ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். காசநோய் என்று முடிவு வந்தது. காசநோய் என்றால் இருமலும் நெஞ்சுப் படமும்தான் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அது கழுத்திலும் வரும் என்பதே புதிது. "கண்டமாலைன்னு அந்தக் காலத்திலே சொல்லுவாங்க" என்றார்கள் ஆச்சி. மாலை என்ற அழகான சொல் இப்படிப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்திருப்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

நுரையீரலில் இல்லாமல் கழுத்துக் கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் மூச்சினாலோ இருமலினாலோ பிறருக்குப் பரவாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்கள். எங்கள் எல்லாரையும் சோதித்து நோயில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இருந்தும் ஆச்சி அம்மாவுக்கென்று ஒரு தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்தார்கள். இளையவள் வேண்டுமென்றே அந்தத் தம்ளரில் தண்ணீர் குடித்து ஆச்சியிடம் அடி வாங்கினாள். ஆச்சியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் பிள்ளையாக இருந்தபோது இந்த நோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். சென்னைப் பக்கம் 1928-இல் தொடங்கிய அப்படி ஒரு மருத்துவமனையின் நினைவாகவே 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையத்திற்கே பெயர் இருக்கிறது.

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை, அம்மா மருந்தைத் தொடங்கினார்கள். ஆறு மாதம், ஒருநாளும் தவறக்கூடாது. அம்மாவின் எடை அன்று 41 கிலோ. அந்த எடைக்கு நாளொன்றுக்கு மூன்று பெரிய மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும்: ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். இந்தப் பெயர்களை நாங்கள் வாய்ப்பாடு போல ஒப்புவிப்போம். இவற்றோடு ஒரு சின்ன மாத்திரையும் உண்டு. சட்டைப் பொத்தானை விடச் சிறியது. "இது என்ன?" என்று அம்மா கேட்டதற்கு, "அது சத்து மாத்திரை, பி விட்டமின்" என்று பதில் கிடைத்தது. பெரியவை மூன்றைப் பற்றியும் எங்கள் வீட்டில் எத்தனையோ பேச்சு நடந்தது. சின்னதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மருந்து தொடங்கியதும் ஒவ்வொன்றாக வந்தது. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. இரத்தம் என்று அம்மா பயந்துவிட்டார்கள்; அது ரிபாம்பிசினின் நிறம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததை இளையவள்தான் நினைவுபடுத்தினாள். பிப்ரவரியில் அப்பா சூரை மீன் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்குப் பிடித்த மீன். சாப்பிட்ட சற்று நேரத்தில் அம்மாவின் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி எடுத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சூரையில் சேரும் ஒரு பொருளை உடல் சாதாரணமாக முறித்துவிடுமாம். ஐசோனியசிட் அந்த முறிக்கும் வேலையைத் தடுத்துவிடுமாம். மருந்து முடியும்வரை சூரை வேண்டாம் என்றார்கள் டாக்டரம்மா. மீன்பிடிக்கிறவர் வீட்டில் மீனுக்கே தடை வந்தால் எப்படி இருக்கும் என்று கடற்கரைத் தோழியர் அறிவீர்கள்.

எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சோதனையை நாங்களே எடுத்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும், நூல்கண்டுப் பெட்டியிலிருந்து சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று, கிளிப்பச்சை ஒன்று எடுத்து நீட்டுவோம். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறம் சொல்வார்கள். பிறகு மறு கண். "இருபது வருஷமா நூல் கோக்கிறவளுக்கு நீங்க நிறம் சொல்லிக் கொடுக்கீங்களா?" என்று கேலி செய்வார்கள். ஒரு முறைகூடத் தவறியதில்லை. நாங்கள் அம்மாவின் கண்ணைக் காத்துக்கொண்டிருந்தோம். கால் எங்கள் நினைவிலேயே இல்லை.

பிப்ரவரி மாத இறுதியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் வந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததால். மருந்து ஐந்து வாரம் சென்ற பிறகு கழுத்துக் கட்டி குறைவதற்குப் பதிலாகப் பெருத்தது. அதன் கீழே இன்னொன்று முளைத்தது. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து" என்றார்கள் ஆச்சி. பயந்துகொண்டு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, இது கழுத்துக் காசநோயில் சிலருக்கு வருவதுதான் என்றார்கள். மருந்தினால் கிருமிகள் சாகும்போது அவற்றின் சிதைவைக் கண்டு உடல் விழித்துக்கொண்டு மும்முரமாகப் போரிடுமாம். அதனால் வீக்கம் முதலில் கூடிப் பிறகு வடியுமாம். "பொறுத்துக்குங்க, மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் அம்மா அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. மருந்து சாப்பிடும்போது உடம்பில் எது வந்தாலும் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், பொறுத்துக்கொள்ள வேண்டியது, வெளியே சொல்லக்கூடாதது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்கள்.

அதற்கு முன்பே கால் தொடங்கிவிட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல. பிறகு உள்ளங்கால் முழுவதும் எரிச்சல். இரவில் போர்வை பட்டாலே தாங்காது. அம்மா எழுந்துபோய் அடுக்களையில் அம்மிக்கல்லின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கல் குளிர்ச்சியாக இருக்கும். நாங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது இரண்டு முறை அப்படிப் பார்த்திருக்கிறோம். "புழுக்கமா இருக்கு, படுங்க" என்றார்கள். நம்பினோம். மார்ச் 5 விபூதிப் புதன். தவக்காலம் பிறந்ததும் அம்மா அந்த எரிச்சலை ஒறுத்தலாக ஒப்புக்கொடுத்துவிட்டார்கள். நாங்கள் இனிப்பை விட்டோம். அப்பா பீடியை விட்டார்கள். அம்மா வாயைத் திறப்பதை விட்டார்கள்.

எங்களுக்குக் காது இருந்ததே, அது என்ன செய்தது என்று கேட்கலாம். காது கேட்டது. இயந்திரத்தின் ஓசை மாறியிருந்தது. ஓடி, சட்டென நின்று, பின்னோக்கிச் சுழன்று, நூல் அறுந்து, மறுபடி ஓடும். ஒரு ரவிக்கையின் கைப்பகுதி கோணலாகிப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. இருபது வருடமாக அம்மா கையில் அப்படி நேர்ந்ததில்லை. மிதிக்கும் பலகை காலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், பஞ்சின் மேல் கால் வைத்தது போல் இருந்தது என்று அம்மா பின்னால் சொன்னார்கள். நாங்களோ இயந்திரத்திற்கு எண்ணெய் விட்டோம்! ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கவனம் புத்தகத்தில் இருந்தது. இது சாக்கு என்று தெரியும்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு. பவனியில் குருத்தோலை பிடித்து நடந்து வீடு வந்தோம். வாசல் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு தடம், ஓர் அடி விட்டு இன்னொரு தடம், அடுக்களை வரை. இளையவள்தான் கண்டாள். அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். வலக்காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலில் உடைந்த சிப்பி ஒன்று குத்தி நின்றுகொண்டிருந்தது. "அம்மா, செருப்பு எங்கே?" என்றோம். அம்மா குனிந்து தம் காலைப் பார்த்தார்கள். செருப்பு எங்கே கழன்றது என்பது தெரியவில்லை. சிப்பி குத்தியதும் தெரியவில்லை. எரிகிற கால் எப்படி மரத்தும் போகும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அம்மா அப்போதுதான் அடுப்படியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார்கள். ஆச்சி முதல் முறையாக அம்மாவின் காலைத் தம் மடியில் எடுத்து வைத்து மஞ்சள் பற்றுப் போட்டார்கள்.

மறுநாள் சித்திரை முதல் நாள், விடுமுறை. செவ்வாயன்று எங்களுக்குத் தேர்வு இல்லாததால் நாங்கள் இருவருமே அம்மாவுடன் போனோம். டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து தடுப்பூசி போடச் சொல்லிவிட்டு, ஒரு பொருளைக் கையில் எடுத்தார்கள். பார்த்ததும் எங்களுக்கு வியப்பு. நம் இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் இசைக்கவை! அதைத் தட்டி அம்மாவின் கட்டை விரலில் வைத்து, "அதிருதா?" என்று கேட்டார்கள். அம்மா இல்லை என்று தலையசைத்தார்கள். கணுக்காலில் கொஞ்சம். முழங்காலில் நன்றாக. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஓடுபவைதாம். நரம்புக்கு ஏதேனும் குறை வந்தால் நீளமானவற்றின் நுனிதான் முதலில் வாடும், அதனால் காலுறை போட்ட அளவுக்கு மரத்துப்போகும் என்று விளக்கினார்கள். அந்த நுனி எரிச்சலையும் தரும், உணர்ச்சியையும் இழக்கும். இரண்டும் ஒரே நோய்தான்.

பிறகு கேட்டார்கள்: "சின்ன மாத்திரை போடுறீங்கதானே?"

அம்மா பதில் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்கள். இளையவள் உடனே, "இதுவா? இது நாங்கதானே சாப்பிடுறோம், டாக்டர்!" என்றாள்.

அறையில் ஓசை இல்லை.

ஆம், தோழியரே. மருந்து தொடங்கிய அந்த வாரத்திலிருந்தே ஒவ்வோர் இரவும் படிக்க உட்காரும்முன் அம்மா எங்களுக்கு ஆளுக்குப் பாதி மாத்திரை கொடுப்பார்கள். நூல் வெட்டும் சிறு கத்தரியால் சரிபாதியாக வெட்டியது. "சத்து மாத்திரை. மூளைக்கு நல்லது" என்பார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கையை நீட்டுவோம், விழுங்குவோம், புத்தகத்தைத் திறப்போம். ஏறக்குறைய எண்பது இரவுகள்.

"பெரிசு மூணும் நோய்க்கு. இது வெறும் சத்துக்குத்தானேன்னு நினைச்சேன். பிள்ளைங்க ராத்திரி முழிச்சிருந்து படிக்கிதுவ" என்றார்கள் அம்மா. இவ்வளவுதான் சொன்னார்கள்.

டாக்டரம்மா கோபிப்பார்கள் என்று பயந்தோம். கோபிக்கவில்லை. நாற்காலியை அம்மாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஐசோனியசிட் என்ன செய்கிறது என்று சொன்னார்கள். காசநோய்க் கிருமியைக் கொல்வதில் அது மிகவும் வல்லது. ஆனால் உடலிலுள்ள பி6 என்னும் உயிர்ச்சத்தோடு சேர்ந்துகொண்டு, அதையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போய்விடுகிறது. நரம்புக்கு அந்தச் சத்து இன்றியமையாதது. கல்லீரலில் இந்த மருந்தைச் சிலர் வேகமாக மாற்றி வெளியேற்றிவிடுவார்கள், சிலர் மெதுவாக. பிறவியிலேயே அமைவது அது. நம் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் மெதுவான வகை. அவர்களிடம் மருந்து அதிக நேரம் தங்கும். போதிய உணவு இல்லாமல் மெலிந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். அம்மாவோ 41 கிலோ! அதற்காகத்தான் அந்தச் சின்ன மாத்திரை. பைரிடாக்சின், 10 மில்லிகிராம். இனி எரிச்சல் தீரும்வரை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்று எழுதித் தந்தார்கள். தாமாகவே அதற்கு மேல் கூட்டக் கூடாது; பி6 மிக அதிகமாக நெடுநாள் சேர்ந்தாலும் நரம்பு கெடும் என்றும் எச்சரித்தார்கள்.

எங்களைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இதனால மார்க்கும் கூடாது" என்றார்கள். சிரிக்கச் சொன்னதுதான். எங்களால் சிரிக்க முடியவில்லை. பேருந்தில் வரும்போது மூத்தவள் மனத்துள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். ஆளுக்கு எண்பது பாதிகள். சேர்த்தால் எண்பது மாத்திரைகள். எண்பது இரவுகள் அம்மிக்கல்லின் மேல் கால். அந்தக் கணக்கு இன்றும் முடியவில்லை.

இதோடு சரியாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகவில்லை. காலைக் கெடுத்தது பெரிய மாத்திரையிலுள்ள மருந்து என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அதன்மேல் அச்சம் வந்துவிட்டது. பெரிய வியாழனன்று இளையவள் தன் சட்டைக்குப் பொத்தான் தேடிப் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள். பொத்தான்களுக்கு நடுவே மூன்று பெரிய மாத்திரைகள். அன்று காலை நாங்கள் தண்ணீரோடு கொடுத்தவை.

அம்மா மறைக்கவில்லை. "கட்டி கழுத்திலே இருந்துட்டுப் போகட்டும். காலு போச்சுன்னா மிஷினை யாரு மிதிப்பா? உங்க ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துக்கு யாரு கட்டுவா?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. மருந்தைப் பாதியில் விட்டால் பிழைத்த கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகத் திரும்பும், பிறகு இன்னும் கடுமையான மருந்துகள் வேண்டியிருக்கும் என்று அட்டையில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினோம். கேட்டுக்கொண்டார்கள், மாத்திரையைத் தொடவில்லை.

மூத்தவள் அன்று மாலை கோவிலில் நம் அறிவியல் சிஸ்டரைக் கண்டு அழுதுவிட்டாள். இளையவள் வேறு வழியில் இறங்கினாள். மறுநாள் காலை, அம்மா மாத்திரை போடும்வரை தானும் சாப்பிடுவதில்லை என்று அறிவித்தாள். அன்று பெரிய வெள்ளி. பேத்திக்கு என்ன பக்தி என்று ஆச்சி பிற்பகல் வரை தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள்!

சனிக்கிழமை காலை சிஸ்டர் வீட்டிற்கே வந்தார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார்கள். அறிவுரை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம், கதை சொன்னார்கள். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துகளை ஆராய ஒரு நிலையம் தொடங்கினார்களாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்தியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனையில் நல்ல உணவும் ஓய்வும் தந்து வைத்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலேயே விட்டு, அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959-இல் அந்த முடிவு வெளிவந்தது. உலகமெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வழி செய்தது சென்னைதான். இதைச் சொல்லும்போது சிஸ்டர் அலமாரியில் தனியாகக் கவிழ்த்திருந்த தட்டைப் பார்த்தார்கள். ஆச்சியும் பார்த்தார்கள்.

"உங்களுக்கு வந்த இந்தக் கால் எரிச்சலையும் அவங்கதான் அங்கே ஆராய்ஞ்சாங்க" என்று சிஸ்டர் தொடர்ந்தார்கள். ஐசோனியசிட் 1952-இல் புழக்கத்துக்கு வந்தது. அதை அதிக அளவில் சாப்பிட்ட சிலருக்குக் கால் எரிந்து மரத்தது. சிறிதளவு பி6 சேர்த்துக் கொடுத்தாலே அது வராமல் தடுக்கலாம் என்று அந்தச் சென்னை நிலையத்தார் கண்டு 1963-இல் வெளியிட்டார்கள். அப்படிக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், கால் எரிகிறது என்று அந்த நோயாளிகள் வாய் திறந்து சொன்னதுதான் என்றார்கள் சிஸ்டர். அம்மா தலை குனிந்திருந்தார்கள். "நான் தவக்காலத்துக்குன்னு ஒப்புக்கொடுத்தேன், சிஸ்டர்" என்றார்கள் மெல்லிய குரலில். "தவக்காலம் இன்னைக்கு ராத்திரியோட முடியுது. மாத்திரையைப் போடுங்க" என்றார்கள் சிஸ்டர்.

அம்மா போட்டார்கள். பெரியவை மூன்று, பிறகு சின்னது. வெள்ளி மாலையே இளையவளைச் சாப்பிட வைக்க ஒரு முறை போட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனால் மனம் ஒப்பிப் போட்டது சனியன்றுதான்.

பிறகு வந்த மாதங்களில் நாங்கள் செய்ததெல்லாம் சிறு சிறு வேலைகள். இரவில் படுக்கும்முன் டார்ச் அடித்து அம்மாவின் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்போம். காயமோ கொப்புளமோ அம்மாவுக்குத் தெரியாதாகையால் எங்கள் கண்தான் அம்மாவின் கால். சுடுதண்ணீரில் கால் வைக்கும்முன் எங்களில் ஒருத்தி முழங்கையை விட்டுப் பார்ப்போம். வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கினோம், வீட்டுக்குள்ளும் அதுதான். 2024 நவம்பரிலிருந்து காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென்று அரசு தரும் தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆகியிருந்தது. அது முட்டைக்கும் கொண்டைக்கடலைக்கும் வாழைப்பழத்துக்கும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதில் எங்களுக்குப் பங்கு கிடையாது என்று நாங்களே சட்டம் போட்டோம். அம்மா அப்போதும் முட்டையைப் பாதியாக வெட்டப் பார்த்தார்கள். கத்தரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டோம்.

இயந்திரத்தை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்கள். காலால் உணர முடியாததைக் காதால் உணர அம்மா பழகினார்கள். சக்கரத்தின் ஓசை இழுபட்டால் கால் வழுகுகிறது என்று பொருள். கடினமான வளைவு வரும்போது இளையவள் கீழே உட்கார்ந்து அம்மாவின் புறங்காலைத் தன் உள்ளங்கையால் பிடித்துக்கொள்வாள். அப்படித் தைத்த பாவாடைகள் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வரிசையில் நின்றன. யாருடையது என்று சொல்லமாட்டோம்.

மே மாதம் எரிச்சல் அடங்கியது. அம்மா விடியும்வரை உறங்கிய முதல் இரவு, என்னவோ ஏதோ என்று நாங்கள் இருவரும் எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தோம். மரத்துப்போனது அவ்வளவு விரைவில் போகவில்லை. நரம்பு மெதுவாகத்தான் வளரும் என்றார்கள் டாக்டரம்மா. ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பெரிய மாத்திரைகள். எடை 47 கிலோ. கழுத்துக் கட்டி நிலக்கடலைப் பருப்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அது அப்படியே நின்றுவிடலாம், கவலையில்லை என்றார்கள். ஆச்சி அந்தத் தனித் தட்டில் இப்போது கோழிக்குத் தீனி வைக்கிறார்கள். அந்த வாரமே அப்பா சூரை வாங்கி வந்தார்கள்.

ஆண்டுத் தேர்வில் இளையவள் கணக்கில் தவறிவிடுவோமோ என்று பயந்தாள்; தவறவில்லை. மூத்தவள் எப்போதும் வாங்கும் மதிப்பெண்தான் வாங்கினாள்.

சென்ற டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் துணிகள் குவிந்திருந்த ஓர் இரவு, வழக்கம்போல் டார்ச் அடித்துக் கால் பார்த்துக்கொண்டிருந்தோம். இளையவள் தரையில் கிடந்த நூல் துண்டு ஒன்றை எடுத்து, அதன் நுனியால் அம்மாவின் வலது உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தாள். விளையாட்டாகத்தான். அம்மா கையில் வைத்திருந்த பாவாடையோடு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள்.

"ஏட்டி, கூசுது!"

மறுபடி இழுத்தாள். மறுபடி கூசியது. மூத்தவள் ஒவ்வொரு விரலாக எண்ணிப் பார்த்தாள். வலக்காலில் ஐந்தும் கூசின. இடக்காலில் நான்கு. சுண்டு விரல் மட்டும் இன்னும் தெரியவில்லை. "அது கிடக்கட்டும், சுண்டு விரலாலயா மிதிக்கேன்?" என்று சொல்லிவிட்டு அம்மா இயந்திரத்தில் போய் உட்கார்ந்தார்கள். கழுத்து வளைவு தைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையிலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது.